எடைக்கு எடை உப்பு

அத்தை,

இன்று காலை பக்கத்து வீட்டில் உளுத்தங்களி கிளறினார்கள். அவர்கள் வீட்டுப் பெண் பெரியவளாகி மூன்று நாள் ஆகிறது. நல்லெண்ணெயும் பனைவெல்லமும் சேர்ந்து சூடேறும் வாசனை மதில் தாண்டி வந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் உதடுகளை இறுக மூடிக்கொண்டேன். யாரும் ஊட்ட வரவில்லை. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. என் வாய்க்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. முப்பத்தெட்டு வயதுப் பொம்பளை, கை நிறைய சோப்பு நுரையோடு வாயைப் பூட்டிக்கொண்டு நிற்பதை உங்கள் மகன் பார்த்துவிட்டு, "இன்னா, பல்லு வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதை நானேதான் வாசித்துக் காட்டுவேன். கேஸ் மாற்றிய நாள், பாப்பாவுக்கு ஊசி போட்ட நாள், கோவில் விசேஷம், என் எடை என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நோட்டில்தான் இதையும் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி எழுதுகிறேன். முன்பக்கத்துக் கணக்கோடு இது கலக்க வேண்டாம்.

என்னைப் பெண் பார்க்க நீங்கள் வானூருக்கு வந்தபோதும் என் கையில் ஒரு நோட்டு இருந்தது. ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். பொட்டலம் கட்டி வந்த பேப்பரையும் நூலகத்துப் புத்தகங்களையும் படித்துத்தான் மீதியைக் கற்றுக்கொண்டேன். பிடித்த வரிகளை எழுதி வைத்திருந்த அந்த நோட்டை வாங்கிப் புரட்டினீர்கள். "எழுத்தெல்லாம் பாத்தி கட்டின மாதிரி நேரா இருக்குதே" என்றீர்கள். உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் உடம்பைப் பற்றி அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணாலம் ஆனா ஊறிடுவா" என்று என் அம்மாவிடம் வாசலில் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அம்மாவும் தலையாட்டினாள். அம்மாவே நாற்பத்தொரு கிலோதான். அவள் கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் ஊறியவள்.

மரக்காணத்துக்கு வந்த அன்றைக்கு நான் முப்பத்தொன்பது கிலோ. முகூர்த்தப் புடவையின் எடையே என்னைப் பின்னால் இழுத்தது. உங்கள் மகள் சுமதி அவள் சிநேகிதிகளிடம், "எங்க அண்ணன் பொண்ணு கட்டலடி, பொடவை கட்டியிருக்காரு. பாரு, பொடவை தனியா நடந்து வருது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் வேடிக்கை. அது கடைசிவரை நீளும் சிரிப்பு என்று அப்போது தெரியவில்லை.

உப்பளத்திலும் உங்களைச் சும்மா விடவில்லை. அன்னக்கூடையில் உப்பைத் தூக்கி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, வரப்பில் வரிசையாகப் போகிற பெண்களுக்கு வாயும் சும்மா இருக்காது. மத்தியானம் உங்களுக்குச் சோறு கொண்டு வந்த என்னைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "ஏன்க்கா, மருமவளுக்குச் சோறு போடறியா, இல்ல வெறும் வாசனை காட்டி அனுப்பறியா?" நீங்கள் கூடையை இறக்காமலே திரும்பினீர்கள். "உன் புருசனுக்கு நீ காட்டறியே, அந்த மாதிரியா?" என்றீர்கள். வரப்பு முழுக்கச் சிரிப்பு. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. வெகுநேரம் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள்.

அதற்கு மறுமாதம் என் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகையில் பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெண்ணைப் பிரிகிற அழுகை, வேறொன்றும் இல்லை. பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மாமியார்க்காரி பட்டினி போடுகிறாள், பெத்தவள் பார்த்துவிட்டுக் கதறுகிறாள் என்று எக்கியார்குப்பம் வரை பேச்சுப் போய்விட்டது. என் கழுத்தெலும்பு உங்கள் மானத்தைத் தொட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடியலில் களி தொடங்கியது.

உளுத்தங்களி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய். பத்து மணிக்கு இரண்டு முட்டை. பழைய சோற்றில் தயிர். மத்தியானம் மீன், அதில் தலையும் சினையும் எனக்கு. நாலு மணிக்குப் பொரிகடலையும் வாழைப்பழமும். ராத்திரி பாலில் பேரீச்சம்பழம். நீங்கள் காலை நாலரைக்கு அளத்துக்குப் போக வேண்டியவர். அதற்கு முன்னால் எழுந்து களி கிளறி, என்னை உட்கார வைத்து, நான் முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவீர்கள். உங்கள் உள்ளங்கை உப்பில் வெடித்து வெடித்துக் காய்ந்திருக்கும். அந்தக் கையால் உருட்டிய களி உருண்டை என் வாய்க்குள் வரும்போது லேசாகக் கரிக்கும். வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்கள். அடித்திருந்தால் அம்மா வீட்டுக்கு ஓடியிருப்பேன். பாசத்தை எங்கே போய்ப் புகார் சொல்வது?

நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன் அத்தை. இதை யாரும் நம்புவதில்லை. ஒளித்து நாய்க்குப் போட்டதில்லை, விரலை விட்டு வாந்தி எடுத்ததில்லை. வீட்டில் இரண்டாவதாக அதிகம் சாப்பிட்டது நான்தான். அது எங்கே போனது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியாது என்பேன். "ஒடம்புல எங்கியோ ஓட்டை இருக்குதுடி" என்பீர்கள். கொஞ்சம் சிரித்துக்கொண்டு, கொஞ்சம் நிஜமாகவே.

ஓட்டையைத் தேடி டாக்டரிடமும் போனோம். ரத்தம், சிறுநீர், தைராய்டு, நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தார்கள். அந்தச் சீட்டுகளை வாங்கி வந்து, புரியாத சொற்களை நர்ஸம்மாவிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா. உங்க உடம்பு வாகு இது. உங்க அம்மாவும் இப்படித்தானே? நல்லா சாப்பிடறீங்க, நல்லா வேலை செய்யறீங்க, விட்டுடுங்க" என்றார் அந்த டாக்டரம்மா. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பஸ்ஸில் வரும்போது நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? நோவுன்னு சொல்லியிருந்தாலும் ஊருக்கு ஒரு பதில் சொல்லலாம்."

அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு, "டிபியாம்மா?" என்று கேட்டு முந்தானையால் மூக்கை மூடினாள். நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். "டிபி உன் வாய்க்குத்தான்டி வந்திருக்குது. எம்மருமவ எழுத்து பாத்திருக்கிறியா நீ?" என்று கேட்டீர்கள். என் எழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெண் விழித்தாள். நானும்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் கண் கலங்குகிறது. உங்கள்மேல் முழுசாகக் கோபப்படவும் நீங்கள் விட்டதில்லை.

விரதத்தை மட்டும் நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். பதிமூன்று வயதிலிருந்து நான் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தவள். பசிக்கிற வயிற்றோடு விளக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அம்மன் எனக்கு நேரே தெரிவாள். மற்ற நாளெல்லாம் நான் ஒரு ஆள், அவள் ஒரு படம். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொள்வோம். "விரதம் இருக்கறதுக்கு ஒடம்புல இன்னா இருக்குது? சாமி என்னைத்தான் கேக்கும்" என்று தடுத்துவிட்டீர்கள். ஒரு வெள்ளி நான் பிடிவாதமாக இருந்தபோது, விளக்கு முன்னாலேயே தட்டைக் கொண்டு வந்து வைத்தீர்கள். அம்மன் பார்க்க நான் சாப்பிட்டேன்.

பாப்பா பிறந்தபோது உங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு தானாக ஊறும் என்றீர்கள். அவள் சுகப்பிரசவம், இரண்டே முக்கால் கிலோ. எனக்குப் பாலும் குறையவில்லை. ஆறாம் மாதம் பார்த்தால் நான் மறுபடியும் முப்பத்தொன்பது. அந்த ஆடியில்தான் அது நடந்தது.

அம்மன் கோவிலில் உப்பும் மிளகும் கொட்ட எல்லாரும் வரிசையில் நின்றோம். நான் பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தேன். உங்கள் முறை வந்ததும் நீங்கள் உப்பு முறத்தை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அளத்தில் கூப்பிடுகிற குரலில் சொன்னீர்கள்: "தாயே, எம்மருமவ ஒடம்பு அம்பது கிலோ வரணும். வந்த அன்னிக்கு அவளை இங்கியே ஒக்கார வச்சு எடைக்கு எடை உப்பு கொட்டறேன்." நீங்கள் அதை என்னிடம் கேட்கவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்கள். எவ்வளவு பாக்கி என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது அவர்கள் கண்ணிலேயே தெரிந்தது.

மற்றவர்கள் வேண்டிக்கொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். அளத்து வீடுகளில் கல்லுப்பு முடிவது வழக்கம். அந்தப் பருவத்து முதல் உப்பு வாரலில் எடுத்த ஒரு பிடியை முடிந்து அம்மன் படத்து ஆணியில் தொங்கவிட்டீர்கள். உப்புக்கு மழைக்காலம் ஆகாது. ஐப்பசி பிறந்தால் முடிச்சு ஈரம் கசியும், சுவரில் ஒழுகி வெள்ளையாகக் கோடு போடும். நீங்கள் அவிழ்த்துப் புது உப்பு வைத்து மறுபடி முடிவீர்கள். வருஷா வருஷம் பார்த்தேன். கரைந்தது உப்பு மட்டும்தான்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை எடை. அமாவாசைக்கு மறுநாள், உப்பு மூட்டை நிறுக்கும் தராசில். லாரி இல்லாத நேரமாகப் பார்த்து என்னை ஏற்றுவீர்கள். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்ப்பார், கொட்டகையில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். "முப்பத்தொம்போதரை!" என்று அவர் கூவினால், "அரை ஏறிச்சு, அரை ஏறிச்சு" என்று ஒரு சத்தம். அடுத்த மாதம் அந்த அரை போயிருக்கும். எல்லாரும் ரொம்ப வருத்தப்படுவார்கள். கெட்டவர்கள் ஒருத்தரும் இல்லை அத்தை, அதுதான் எனக்குக் கஷ்டம். ஊரே எனக்காக வேண்டிக்கொண்டது. வழியில் பார்த்தால் சுகமா என்று கேட்க மாட்டார்கள், "எவ்ளோ வந்திருக்குது?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரு நாள் மேஸ்திரிக்கே பாவமாகிவிட்டது. "ஏன்க்கா, இடுப்புல நாலு கிலோ, மடியில நாலு கிலோ கட்டிக்கினு ஏறச் சொல்லு. நான் அம்பதுன்னு சொல்லிடறேன். முடிஞ்சுது சோலி" என்றார். உங்களுக்கு வந்ததே கோபம். "சாமிக்குக் கள்ள எடையா? நீ லாரிக்காரனுக்குப் போடற மாதிரின்னு நெனச்சியா?" என்று கத்தினீர்கள். அவர் அப்புறம் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் ஒரே நேரத்தில் பக்தியும் வெறுப்பும் வந்தது. நாலும் நாலும் எட்டு. இன்னும் ஒரு மூன்று கட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

வேண்டிக்கொண்டு இன்றோடு பன்னிரண்டு வருஷம். உங்கள் மகன் பைக்கிலிருந்து விழுந்தார்: வேண்டுதல் நிற்கிறது, அதனால்தான் என்றார்கள். புயலில் அளம் முழுக்கத் தண்ணீர் புகுந்தது: வேண்டுதல் நிற்கிறது. சுமதி பொம்மையார்பாளையத்தில் ஆரம்பித்த வீடு ஜன்னல் உயரத்தோடு நின்றுபோனது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மன் படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். என் கண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன் என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். அழவில்லை. பழத்தை மென்றேன், அவ்வளவுதான்.

பிறகு உங்கள் கால். உப்பில் நின்று நின்று வெடித்த பாதம், சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டும், ரத்தம் வேண்டும் என்றார்கள். உங்கள் ரத்தப் பிரிவும் என் பிரிவும் ஒன்று. அந்தச் சீட்டெல்லாம் நான் எழுதி வைத்திருக்கிறேனே, எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அங்கிருந்த பெண் என்னை மெஷினில் ஏறச் சொன்னாள். பார்த்துவிட்டு, "நாற்பத்தஞ்சு கிலோவாவது இருக்கணும் சிஸ்டர். உங்ககிட்ட எடுக்க முடியாது" என்றாள். எனக்கு ஒன்றும் ஆகாது, எழுதி வேண்டுமானால் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவள் நல்லவள். "உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். என் நல்லதுக்குத்தான் என்று என்னிடம் சொல்லாதவர்களை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

சுமதியின் வீட்டுக்காரர் கொடுத்தார். கண் விழித்ததும் உங்களுக்கு அதைச் சொன்னார்கள். "பாத்தியா? இதுக்குத்தான்டி நான் அடிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் நீங்கள் மளமளவென்று இளைத்தீர்கள். அறுபத்திரண்டு கிலோ இருந்த ஆள். என்னால் உங்களை ஒற்றையாகத் தூக்கி உட்கார வைக்க முடிந்தது. நானும் உங்களுக்குக் களி கிளறினேன். நீங்கள் உதட்டை மூடிக்கொண்டீர்கள். நான் வற்புறுத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது அன்பா, வஞ்சமா என்று எனக்கே தெரியவில்லை.

தை மாதம், ஒரு மத்தியானம். வீட்டில் நாம் இரண்டு பேர்தான். தலையணையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து, "வந்துட்டியா?" என்றீர்கள்.

"எங்க அத்தை?"

"அம்பதுக்கு."

இன்னொரு கையால் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நோட்டுல எழுதியிருப்பியே. படி. நீ எழுதினா கரெக்டா இருக்கும்."

உங்களுக்குப் பார்வை மங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் என்ன சொன்னாலும் அதுதான் எண். ஐம்பது என்று சொல்லியிருந்தால் போதும். உங்கள் மகனைக் கூப்பிட்டு, ஐம்பது கிலோ உப்பு மூட்டையை எடுத்துப்போய்க் கோவிலில் கொட்டச் சொல்லியிருப்பீர்கள். அம்மன் ஒரு கிழவியின் நிம்மதிக்காகச் சொன்ன பொய்யை மன்னித்திருப்பாள். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் நோட்டைக் கொண்டு வந்து, போன அமாவாசைப் பக்கத்தைத் திருப்பி, நிதானமாக வாசித்தேன். "முப்பத்தொன்பது."

என் கையை விட்டுவிட்டீர்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நாலாம் நாள் போய்விட்டீர்கள். நடுவில் தண்ணீர் கேட்டீர்கள், பாப்பாவைக் கேட்டீர்கள். என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

உண்மையைச் சொன்னதால் நான் நல்லவள் என்று எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. சாமிக்குக் கள்ள எடை கூடாது என்று நீங்களே சொன்னீர்கள், அதனால் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. அத்தனை வருஷத்துக் களியும் முட்டையும் தராசு மேடையும் அந்த ஒரு எண்ணுக்குள் இருந்தது. இத்தனை செய்தும் நான் நான்தான் என்று உங்களிடம் ஒரே ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சொன்னேன். சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரம் அது. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பீர்கள் என்று தெரியும்.

நீங்கள் போனதும் எனக்கு விடுதலை என்று சிலர் நினைத்தார்கள். நானும் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. இனி வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாம் என்று விளக்கேற்றி உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வேளை சாப்பாடு விட்டால் நூறு கிராமாவது குறையும். ஐம்பது இன்னும் தள்ளிப் போகும். வேண்டுதல் நிற்கையில் அதற்கு எதிராக நானே விரதம் இருந்தால் அது பக்தியா, துரோகமா? எழுந்து போய்ச் சாப்பிட்டேன். நீங்கள் இருந்தபோது கதவுக்கு வெளியே நீங்கள் நின்றீர்கள். இப்போது யாருமே நிற்கவில்லை, கதவுதான் திறக்கவில்லை.

தலைதிவசம் முடிந்ததும் சுமதி பேச்சை எடுத்தாள். அம்மாவின் வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டால் அம்மா அங்கே நிம்மதியாக இருக்க மாட்டாள் என்றாள். அவள் சொல்வதில் கள்ளம் இல்லை. வீடு இன்னும் ஜன்னல் உயரத்தில்தான் நிற்கிறது. பூசாரியிடம் கேட்டோம். வேண்டிக்கொண்டவரே வந்து தண்டம் கட்டி மாற்றிக் கேட்கலாம், அவர் இல்லாதபோது அதற்கு வழி இல்லை என்றார் அவர். பாப்பாவின் பரீட்சை, அதன் பிறகு வெயில் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஆடி இரண்டாம் வெள்ளி. சுமதி காலையிலேயே வந்துவிட்டாள். பாப்பாவுக்குத் தலை பின்னி, பூ வைத்து, அவளே கையைப் பிடித்துக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அங்கே போனபிறகுதான் அவள் பையில் புது மஞ்சள் துணி இருப்பதைப் பார்த்தேன்.

"அண்ணி, நான் பூசாரிகிட்ட தனியா கேட்டுட்டேன்" என்றாள். "அதே வேண்டுதலை அம்மாவோட பேத்தி மேல மாத்திக்கலாமாம்."

பூசாரி சங்கடமாகத் தலையாட்டினார். "ரத்தம் ஒண்ணுதானேம்மா. கொழந்தை பேர்ல முடிஞ்சுக்கலாம்."

"பாப்பா வளர்ற பொண்ணு அண்ணி. பதிமூணு வயசு. ரெண்டு வருஷம் நல்லா போட்டா தானா அம்பது வந்துடும். உங்களுக்கும் பாரம் எறங்கிடும், அம்மாவுக்கும் நிம்மதி. யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல."

பாப்பாவுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்திருக்கும். முறத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். என்னையும் என் அம்மாவையும் உரித்து வைத்த கை. "நான் எவ்ளோம்மா வரணும்? இப்ப முப்பத்தி மூணு" என்றாள். அவள் தன் எடையைக் கூச்சமில்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் கடைசித் தடவையாக இருந்திருக்கும், நான் சும்மா இருந்திருந்தால்.

துணியைச் சுமதி கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இது என் ஒடம்பு மேல வச்சது சுமதி. யார் மேலயும் மாத்த வேணாம்."

"அப்ப எப்பத்தான் அண்ணி முடியும்?"

"முடியாது."

"முடியாதுன்னா?"

"அம்பது நான் வர மாட்டேன். உனக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். உங்கம்மாவுக்கும் கடைசில தெரியும். நான் இருக்கற வரைக்கும் இது நிக்கட்டும். என்னோட போகட்டும். பாப்பா பேரை இதுல இழுக்காத."

"எங்க வீடு அண்ணி..." என்றாள். அவள் குரல் உடைந்தது.

"தெரியும்மா. அந்தப் பாவமும் என் மேலயே இருக்கட்டும்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். உங்கள் குரல் மாதிரி கணீரென்று எனக்கு வராது. ஆனாலும் கேட்டது. சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை. பூசாரி அர்ச்சனைத் தட்டை எடுத்தார். பிறகு அர்ச்சனைக்கு யார் பேர் என்று கேட்டார். என் பேரைச் சொன்னேன், உங்கள் பேரையும் சொன்னேன். பாப்பா பேரைச் சொல்லவில்லை.

இதனால் எனக்கு வழி திறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் அத்தை. நான் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறேன். அமாவாசைக்கு மறுநாள் வந்தால் கால் தானாகத் தராசைத் தேடுகிறது. யாராவது உற்றுப் பார்த்தால் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்கிறேன். விரதம் இருக்க இன்னும் தைரியம் வரவில்லை. இதற்குள் நான் இருப்பது இப்போது உங்களால் மட்டும் இல்லை, நானும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வித்தியாசம்தான். அது பெரிதா சின்னதா என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

கோவிலிலிருந்து வரும் வழியில் பாப்பா பசிக்கிறது என்றாள். ரோட்டோரக் கடையில் சூடாக மசால் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நடந்துகொண்டே தின்று முடித்து, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "போதும்மா" என்றாள். இன்னொன்று தின்னுடி என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என் குரலில் வரவில்லை அத்தை. உங்கள் குரலில், உங்கள் அவசரத்தோடு, அப்படியே வந்தது. பல்லைக் கடித்து உள்ளே நிறுத்தினேன். கடைக்காரர் பேப்பரில் இன்னொன்றை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போதுமாம்" என்றேன்.